பெற்றோரை நம் பக்கத்தில் கொண்டுவருவது கட்டுபடியாகுமா?

அம்மா இரண்டாவது முறை குளியலறையில் விழுந்த வாரத்தில் நாங்கள் மூன்று பிள்ளைகளும் கூடிப் பேசினோம். பேச்சு முழுக்க வாடகையைச் சுற்றியே ஓடியது. என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் தரைத்தள வீடு ஒன்று காலியாக இருந்தது. அப்பாவின் ஓய்வூதியத்துக்குள் அந்த வாடகை அடங்குமா, அடங்கினால் இருவரையும் அழைத்து வந்துவிடலாம் என்பதே எங்கள் கேள்வி. அண்ணன் ஒரு தாளில் வரவையும் செலவையும் எழுதிக் கூட்டினார். கொஞ்சம் மிஞ்சியது. எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அந்தத் தாளில் வாடகை இருந்தது, சாப்பாட்டுச் செலவு இருந்தது, மருந்து இருந்தது. நள்ளிரவில் அம்மா கழிப்பறைக்குப் போக எழுந்தால் கைபிடித்து அழைத்துப் போவது யார் என்பது இல்லை. அப்பா இல்லாத காலத்தில் அந்த ஓய்வூதியம் எவ்வளவாகக் குறையும் என்பதும் இல்லை. இந்த இரண்டையும் சேர்க்காத கணக்கை வைத்துப் பெற்றோரின் வீட்டைக் காலி செய்யக் கூடாது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். அதைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. தளர்ந்துபோன பெற்றோரை அருகில் கொண்டுவரலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு அந்த ஓராண்டு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் மணி நேரம், பிறகு பணம்

வயதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எண்பத்தைந்தில் தனியாகப் பயணம் போகிறவர் உண்டு. எழுபதில் நாற்காலியை விட்டு எழத் தடுமாறுகிறவரும் உண்டு. தளர்ச்சியை அளக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல்களில் லிண்டா ஃபிரைட் குழுவினர் 2001இல் வெளியிட்டது பரவலாகப் பயன்படுகிறது. முயற்சி எதுவும் செய்யாமலே ஓராண்டில் நாலரைக் கிலோ அளவுக்கு எடை குறைவது, தீராத அசதி, கைப்பிடியில் வலு குறைவது, நடை மெதுவாவது, உடலசைவு சுருங்குவது என ஐந்து அறிகுறிகள். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் தளர்ச்சி என்று கொள்கிறார்கள். அம்மாவுக்கு நான்கு இருந்தன. நாங்கள் அவை எல்லாவற்றையும் ‘வயதாகிவிட்டது’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடி வைத்திருந்தோம்.

பணக் கணக்குக்கு இதைவிடப் பயன்பட்டது வேறொரு பட்டியல். சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவரது குழுவினரும் 1963இல் வெளியிட்டது. அதில் ஆறே வேலைகள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய் வருவது, படுக்கையிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ எழுந்து இடம் மாறுவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்கிக்கொள்வது, தானே சாப்பிடுவது. பெரும்பாலும் குளிப்பதற்குத்தான் முதலில் துணை தேவைப்படும். சாப்பிடுவது கடைசிவரை நிற்கும். 1969இல் லாட்டன், பிராடி இருவரும் இன்னொரு பட்டியலைக் கொடுத்தார்கள். தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, வெளியே போய் வருவது, மருந்து, பணம் என்று எட்டு.

இந்த இரண்டு பட்டியல்களுக்கும் விலை வேறு வேறு. எட்டில் உதவி வேண்டுமென்றால் ஆள் எப்போதாவது வந்து போனால் போதும். வாரத்துக்கு ஒருமுறை மருந்துப் பெட்டியை நிரப்பி வைக்கலாம். பணத்தைத் தொலைவிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஆறில் உதவி வேண்டுமென்றால் ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். கழிப்பறைத் தேவை நேரம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆகவே உங்கள் பெற்றோர் எந்தப் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறார்கள் என்பதை முதலில் எழுதுங்கள், இருவருக்கும் தனித்தனியாக. அப்பாவுக்கு அம்மா செய்துவரும் உதவியும் அம்மாவுக்கு அப்பா செய்துவரும் உதவியும் அந்தத் தாளில் வர வேண்டும். தம்பதியராக இருப்பவர்கள் ஒருவர் குறையை ஒருவர் மறைத்துவிடுவார்கள். ஒருவர் மருத்துவமனையில் படுத்த பிறகுதான் மற்றவரால் மாத்திரைப் பெயரைக்கூடப் படிக்க முடியாது என்பது பிள்ளைகளுக்குத் தெரியவரும்.

இன்னொரு எளிய சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 வினாடிகளோ அதற்கு மேலோ ஆனால் விழுந்துவிடும் அபாயம் இருக்கிறது என்று பொருள். அறுபத்தைந்தைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் விழுகிறார் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இடுப்பெலும்பு முறிவு ஒன்று வந்தால் நீங்கள் போட்ட கணக்கு முழுவதும் ஒரே இரவில் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும்.

இனி ஒரு வகுத்தல் கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு பணியாளர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்தால், இரவும் பகலும் விழிப்போடு ஒருவர் பக்கத்தில் இருக்க 3.5 பணியாளர்கள் தேவை. ‘ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம்’ என்று நாம் சர்வ சாதாரணமாகச் சொல்லும் அந்த ஒருவர் வாரத்தில் 120 மணி நேரம் அங்கே இருக்க மாட்டார். வீட்டோடு தங்கும் பணியாளர் என்றால் கூலி குறையும், ஆனால் அவரும் தூங்க வேண்டும், ஊருக்குப் போக வேண்டும், காய்ச்சலில் படுக்க வேண்டும். இரவில் மூன்று முறை எழுப்பப்படுகிறவர் பகலில் கவனமாக இருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

நூறு என்று வைத்துக்கொள்வோம்

ஒவ்வொரு குடும்பத்தின் வரவும் வேறு, நாணயமும் வேறு. அதனால் பெற்றோரின் மாத வரவை 100 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் எண்களை இதில் பொருத்திக்கொள்ளுங்கள். இதில் 80 ஓய்வூதியம், 20 வைப்புத்தொகையின் வட்டி. ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி என்றால் அந்த வைப்புத்தொகை 4,000, அதாவது நாற்பது மாத வரவு. சொந்த வீடு ஒன்றும் உண்டு.

இருக்கும் இடத்திலேயே தொடர்ந்தால்: சாப்பாடும் வீட்டுச் செலவும் 45, மருந்தும் மருத்துவரும் 15, வீட்டுப் பராமரிப்பு 5, பகலில் ஒரு பணியாளர் 30. மொத்தம் 95. ஐந்து மிஞ்சுகிறது. இரவுக்கும் ஒருவர் தேவைப்பட்டால் செலவு 125. மாதம் 25 துண்டு விழும். இரவும் பகலும் முழுக் கவனிப்பு என்றால் 3.5 பணியாளர்களுக்கு 105. மொத்தம் 170. மாதம் 70 துண்டு விழும். சேமிப்பைக் கரைத்து அதை ஈடுகட்டும்போது வட்டியும் சேர்ந்து குறைவதால், 4,000 நான்கு ஆண்டுகளைச் சற்றே தாண்டியதும் தீர்ந்துவிடும்.

பிள்ளைக்குப் பக்கத்தில் வாடகை வீடு எடுத்தால்: வாடகை 30, வீட்டுச் செலவு 45, மருந்து 15, காலையில் மட்டும் வரும் பணியாளர் 15. மொத்தம் 105. பழைய வீட்டை வாடகைக்கு விட்டால், அதன் பராமரிப்பு போக 15 வரும் என்று கொள்வோம். சாமான்களை ஏற்றி இறக்குவது, முன்பணம், கைப்பிடிகள், குளியலறைத் தரையை மாற்றுவது என்று முதலில் 300 போய்விடும். சேமிப்பு 3,700 ஆகி வட்டி 18.5 ஆகிறது. வரவு 113.5, செலவு 105. இங்கும் மிஞ்சுகிறது. அண்ணன் போட்ட கணக்கு இந்த இடத்தில்தான் நின்றது.

அடுத்த கட்டத்துக்குப் போங்கள். பகலுக்கும் இரவுக்கும் ஆள் வேண்டும். இருவருக்கும் சம்பளம் கொடுத்து வைத்தால் செலவு 150. துண்டு 36.5. இடம் மாறாமல் இருந்திருந்தால் விழுந்திருக்கும் துண்டு 25தான்! பக்கத்தில் வந்த பிறகு செலவு கூடியிருக்கிறது. இரவைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டால் மட்டுமே செலவு 120ஆக இறங்கி, துண்டு 6.5 என்று சமாளிக்கத்தக்கதாகிறது.

இந்த வித்தியாசத்தை நான் பலமுறை எழுதிப் பார்த்தேன். இடம் மாறுவதால் மிச்சமாவதாகத் தோன்றும் பணம் முழுவதும் ஒரு பிள்ளையின் தூக்கத்திலிருந்தும் வேலை நேரத்திலிருந்தும் வருகிறது. அந்த நேரத்தைக் கொடுக்க ஆள் இருந்தால் மாறுவது கட்டுபடியாகும். இல்லாவிட்டால், வெறும் அண்மைக்காக மாதந்தோறும் 30 வாடகை கொடுக்கிறீர்கள். அண்மைக்கு மதிப்பு இல்லை என்று சொல்லவில்லை. வாரம் நான்கு மாலைகள் பேரப்பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது 30ஐவிடப் பெரிது என்று ஒரு குடும்பம் தெரிந்தே முடிவு செய்யலாம். தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே ‘நாங்கள் பார்த்துக்கொள்வோம்’ என்ற வாக்கியத்தை யாரும் சொல்ல விடாதீர்கள். யார், எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று எழுதச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அப்படி எழுதியபோது மூன்று பேரும் சேர்ந்து வாரத்துக்கு 31 மணி நேரம் தர முடியும் என்று தெரிந்தது. அதில் 24 மணி நேரம் என்னுடையது. தொலைவில் இருக்கும் அண்ணனால் நேரம் தர முடியாது. அவர் பணமாகத் தருவதாகச் சொன்னார். அந்தத் தாள் எழுதப்படாமல் போயிருந்தால் இரண்டே ஆண்டுகளில் நாங்கள் பேசிக்கொள்ளாத உடன்பிறப்புகளாக ஆகியிருப்போம் என்று நம்புகிறேன்.

ஒரே கூரையின் கீழ்

பிள்ளையின் வீட்டிலேயே தங்கவைப்பதுதான் தாளில் மிகவும் மலிவானது. வாடகை இல்லை, வீட்டுச் செலவு 45இலிருந்து 30ஆகக் குறையலாம், இரவில் ஆள் இருக்கிறது. இதே காரணத்தால் பல குடும்பங்கள் வேறெதையும் யோசிக்காமல் இதில் போய் நிற்கின்றன.

என் கருத்து கொஞ்சம் கடுமையானது. கழிப்பறை ஒட்டியிருக்கும் தரைத்தள அறை ஒன்று கொடுக்க முடிந்தால் மட்டுமே இதைப் பற்றிப் பேச வேண்டும். சக்கர நாற்காலி நுழைய வாசல் 80 சென்டிமீட்டராவது திறந்திருக்க வேண்டும். சரிவுப் பாதை அமைத்தால் ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் தேவை. வாசலில் 45 சென்டிமீட்டர் படிக்கட்டு இருந்தால் 5.4 மீட்டர் நீளச் சரிவு. பல வீடுகளின் முன்புறத்தில் அவ்வளவு இடமே கிடையாது. கூடத்தில் கட்டில் போட்டு, திரை கட்டி, ‘கொஞ்ச நாளைக்கு’ என்று தொடங்கும் ஏற்பாடு முதியவரின் மானத்தையும் தின்கிறது, வீட்டுப் பிள்ளைகளின் படிப்பையும் தின்கிறது.

இன்னொன்று. இந்த ஏற்பாட்டில் உழைப்பு பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது, மகள் அல்லது மருமகள். அவர் வேலையை விட்டால் இழக்கும் சம்பளம், அவருடைய ஓய்வுக்காலச் சேமிப்பில் விழும் ஓட்டை, பிறகு வேலைக்குத் திரும்ப முடியாமல் போவது எல்லாம் செலவுதான். பெற்றோரின் கணக்கில் அது தெரியாது. இருபது ஆண்டுகள் கழித்து அவருடைய சொந்த முதுமையில் தெரியும். மலிவு என்று முடிவெடுப்பதற்கு முன் அந்தச் சம்பளத்தையும் தாளில் எழுதுங்கள். பெற்றோருக்கு வரவு இருக்கும்போது, கவனித்துக்கொள்ளும் பிள்ளைக்கு மாதந்தோறும் ஒரு தொகை கொடுப்பதில் எந்த அவமானமும் இல்லை. உடன்பிறந்தவர்கள் அனைவரும் அறிந்து, எழுதி வைத்துக் கொடுங்கள்.

விற்று வாங்குவது

பழைய வீட்டை விற்றுப் பிள்ளைக்கு அருகில் வீடு வாங்குவது பார்வைக்கு முழுமையான தீர்வு. வாடகை கிடையாது, வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்ல மாட்டார், சுவரில் துளையிட்டுக் கைப்பிடி வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இருந்தும் தளர்ச்சி வந்துவிட்ட நிலையில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விற்கும்போது தரகும் வரியும் போகின்றன. வாங்கும்போது பதிவுச் செலவு போகிறது. மீண்டும் விற்க நேர்ந்தால் மறுபடியும் அதே. நிலைமை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும் ஒருவருக்காக, பல ஆண்டுகள் கைமாறாமல் இருந்தால் மட்டுமே செலவு ஈடாகும் ஒன்றை வாங்குகிறோம்.

அதைவிட முக்கியம், வீடாக உறைந்துபோன பணத்தைக் கொண்டு இரவுப் பணியாளருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. பழைய வீடு பெரியது, புதியது சிறியது, நடுவில் ஒரு நல்ல தொகை கைக்கு வருகிறது, அந்தத் தொகை முழுக் கவனிப்பின் மூன்று ஆண்டுச் செலவையாவது தாங்கும் என்றால் பேச்சு வேறு. என் நண்பர் ஒருவரின் குடும்பத்தில் அப்படித்தான் நடந்தது. அவர்களுக்கு அது சரியாகவே அமைந்தது. மாறாக, பெற்றோரின் வீடு விலை குறைந்த இடத்திலும் பிள்ளையின் வீடு விலை கூடிய இடத்திலும் இருந்தால், விற்ற பணத்தோடு சேமிப்பையும் போட்டு வாங்கிவிட்டு, கையில் ஒன்றுமில்லாமல் கடைசிக் கட்டத்துக்குள் நுழைவார்கள். அந்த நிலையில் ‘சொந்த வீட்டில் இருக்கிறோம்’ என்பது மருந்தாகாது.

பெற்றோரின் வீட்டைக் கவனிப்புக்கு ஈடாக ஒரு பிள்ளையின் பெயருக்கு இப்போதே எழுதிவைப்பதையும் சில குடும்பங்களில் பார்க்கிறேன். அன்பால் செய்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் வீடு என்பது முதியவரின் கடைசிக் காப்புத்தொகை. அந்தப் பிள்ளைக்குக் கடன் ஏற்படலாம், மணமுறிவு ஏற்படலாம், அவரே பெற்றோருக்கு முன்பாக நோயில் விழலாம். உயிரோடு இருக்கும்வரை உரிமை பெற்றோரிடமே இருக்கட்டும். தங்கள் காலத்துக்குப் பிறகு என்ன ஆக வேண்டும் என்பதை உயிலில் எழுதலாம்.

முதியோர் இல்லம், அதுவும் பிள்ளைக்குப் பக்கத்தில்

இந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர்களைக் கணக்குப் பார்க்கச் சொல்வேன். 3.5 பணியாளர்களை ஒரே வீட்டில் ஒருவருக்காக வைப்பதைவிட, பத்துப் பேருக்குப் பொதுவாகப் பணியாளர்களை வைப்பதில் ஆளொன்றுக்குச் செலவு குறைகிறது. முழு நேரக் கவனிப்பு தேவைப்படும் கட்டத்தில் நல்ல இல்லம் பெரும்பாலும் வீட்டுக் கவனிப்பைவிட மலிவாக இருப்பதற்கு இதுதான் காரணம். அந்தக் கட்டம் வராதபோது, அதாவது எட்டு வேலைகளில் மட்டும் உதவி தேவைப்படும்போது, இல்லம் அநாவசியமாக விலை கூடியது.

பிள்ளை நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கும் சுமாரான இல்லம், இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் அழகான இல்லத்தைவிட மேல். யாரோ ஒருவர் எந்த நேரமும் வந்து பார்ப்பார் என்பது தெரிந்த இடத்தில் முதியவர்கள் கூடுதல் கவனத்தோடு நடத்தப்படுகிறார்கள் என்பது என் அனுபவம். கட்டணத்தைக் கேட்கும்போது இன்றைய கட்டணத்தோடு நிறுத்தாதீர்கள். தேவை கூடும்போது எவ்வளவு ஏறும், எந்த நிலை வந்தால் ‘இனி எங்களால் முடியாது’ என்று அனுப்பிவிடுவார்கள், மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கும் கட்டணம் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். எங்கள் அத்தைக்குப் பார்த்த ஓர் இல்லத்தில், ஆறு வேலைகளில் மூன்றுக்கு மேல் உதவி தேவைப்பட்டால் வெளியேற வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் இருந்தது. எந்த நாளுக்காக இல்லத்தைத் தேடுகிறோமோ அந்த நாளில் அது கைவிட்டிருக்கும்.

விட்டுப்போகும் வழிகள்

பிள்ளை பெற்றோர் இருக்கும் இடத்துக்குப் போவதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்ய முடிகிற, பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லாத ஒருவர் குடும்பத்தில் இருந்தால் இதையும் மற்ற வழிகளோடு சமமாக வைத்துக் கணக்குப் போடுங்கள். தளர்ந்தவர்கள் அசைய வேண்டாம் என்பதே இதன் பெரிய ஆதாயம்.

பிள்ளைகள் வீடுகளில் முறை வைத்து இரண்டிரண்டு மாதங்கள் தங்கவைப்பது தளர்ச்சி வந்தவர்களுக்கு நல்லதல்ல. ஒவ்வொரு முறையும் புது மருத்துவர், புதுப் படுக்கை, இருட்டில் புதுக் கழிப்பறை வழி. மறதி நோய் தொடங்கியிருந்தால் இதை அறவே தவிர்த்துவிடுங்கள்.

தாளில் ஏறாதவை

பெற்றோர் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த இடத்தில் அவர்களுக்குப் பல உதவிகள் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. காலையில் கதவு திறக்கவில்லை என்றால் எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டார், நோயின் வரலாறு முழுவதையும் மனத்தில் வைத்திருக்கும் மருத்துவர், கூப்பிட்டால் வரும் மின்பணியாளர், அப்பாவோடு தினமும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருக்கும் பழைய சக ஊழியர். இடம் மாறியதும் இந்த உதவிகள் நின்றுபோகும். ஒவ்வொன்றையும் நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டும், அல்லது நீங்களே செய்ய வேண்டும். பேச ஆளில்லாமல் மாலை முழுதும் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு எந்தப் பணியாளரை நியமிப்பது?

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து வீட்டாருக்கும் வயதாகிறது. அந்த மருத்துவரும் ஓய்வு பெறுவார். அம்மா விழுந்த இரவில் எட்டிப் பார்க்க வந்தவருக்கே எழுபத்தாறு வயது. அவரால் அம்மாவைத் தூக்க முடியவில்லை. பழைய இடத்தின் உதவி நேற்று எப்படி இருந்தது என்பதை வைத்து எடைபோடாமல், இன்னும் மூன்று ஆண்டுகளில் எஞ்சியிருப்பதை வைத்து எடைபோடுங்கள்.

மருத்துவக் காப்பீடும் இங்கே வருகிறது. புதிய இடத்தின் மருத்துவமனைகளை இப்போதைய காப்பீடு ஏற்குமா, முகவரி மாறினால் கட்டணம் மாறுமா, புதிதாக எடுக்க நேர்ந்தால் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று விசாரிக்காமல் லாரிக்குச் சொல்லாதீர்கள். புதியது கைக்கு வந்து, அது செல்லுபடியாகும் நாள் தொடங்கும்வரை பழையதை விட வேண்டாம். வங்கிக் கணக்கில் இணைப்புப் பெயர், பிள்ளைக்கு அதிகாரப் பத்திரம், மருத்துவ முடிவுகளை யார் எடுப்பது என்ற எழுத்து, எல்லாமே பெற்றோர் தெளிவாகப் புரிந்து கையெழுத்திடக்கூடிய காலத்திலேயே முடிய வேண்டும். அந்தக் காலம் எச்சரிக்கை இல்லாமல் முடிந்துவிடக்கூடும்.

ஒருவர் மட்டும் இருக்கும்போது

எங்கள் கணக்கைத் தலைகீழாக்கியது இதுதான். இருவர் வாழும் வீட்டில் ஒருவர் மறைந்தால் செலவு பாதியாகக் குறையாது. வாடகை அப்படியே இருக்கும், பணியாளர் சம்பளம் அப்படியே இருக்கும். பல நாடுகளின் குடும்ப வருமானங்களை ஒப்பிடப் பயன்படும் வர்க்கமூல முறைப்படி (வருமானத்தை வீட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுப்பது), இருவர் 100இல் வாழ்ந்தால் ஒருவருக்கு அதே தரத்தில் வாழ 71 அளவுக்குத் தேவை. வரவோ அதைவிட வேகமாக இறங்கலாம்.

மேலே சொன்ன வாடகை வீட்டுக் கணக்கில் அப்பா மறைந்து, 80 என்ற ஓய்வூதியம் அம்மாவுக்கு 40 என்ற குடும்ப ஓய்வூதியமாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 18.5, பழைய வீட்டின் வாடகை 15. வரவு 73.5. செலவில் வாடகை 30, வீட்டுச் செலவு 30, மருந்து 10, காலைப் பணியாளர் 15. மொத்தம் 85. இருவராக இருந்தபோது 8.5 மிஞ்சிய அதே வீடு, ஒருவருக்கு மாதம் 11.5 துண்டு விழும் வீடாகிவிட்டது. அம்மாவுக்கு இரவுத்துணையும் வேண்டிவந்தால்?

ஆகவே ஒவ்வொரு வழிக்கும் மூன்று கணக்குகள் போடச் சொல்கிறேன்: இன்றைய நிலையில் இருவருக்கு, அடுத்த கட்டத் தேவையோடு இருவருக்கு, கடைசிக் கட்டத்தில் ஒருவருக்கு. மூன்றாவது கணக்கில் வாழ்க்கைத்துணை இருவரில் யார் மிஞ்சினால் நிலைமை மோசமோ அவரை வைத்துப் போடுங்கள். விலைவாசியையும் மறக்க வேண்டாம். 72ஐ ஆண்டு விலையேற்ற விழுக்காட்டால் வகுத்தால், செலவு எத்தனை ஆண்டுகளில் இரட்டிப்பாகும் என்பது கிடைக்கும். 6 விழுக்காடு என்றால் 12 ஆண்டுகள். ஓய்வூதியம் விலைவாசியோடு ஏறாத வகை என்றால், இன்று மிஞ்சும் ஐந்தும் எட்டும் சீக்கிரமே காணாமல் போகும்.

மூன்றாவது கணக்கில் தாக்குப்பிடிக்காத வழியை முதல் கணக்கின் மிச்சத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். தளர்ந்த உடலுக்கு ஓர் இடப்பெயர்ச்சியே பெரிய பாரம். பணம் தீர்ந்து இரண்டாம் முறை இடம் மாற்றும்போது, முதல் முறை பழகிக்கொண்டவரால் இம்முறை பழகிக்கொள்ள முடியாமல் போகலாம். ஒரே முறை மாறுவது, அதையும் புதிய வீட்டின் வழிகளை மனத்தில் பதித்துக்கொள்ள முடிகிற காலத்திலேயே மாறுவது நல்லது. குளிக்க மட்டும் உதவி தேவைப்படும் கட்டம் அதற்கு ஏற்ற காலம். மருத்துவமனையிலிருந்து நேராகப் புது வீட்டுக்குக் கொண்டுபோவது மிகவும் தவறான காலம்; நோய்வாய்ப்பட்ட முதியவர்களுக்கு அப்போது வரும் சித்தக்குழப்பம் பழக்கமில்லாத இடத்தில் இன்னும் மோசமாகும்.

நாங்கள் என்ன செய்தோம்

மூன்று கணக்குகளையும் போட்ட பிறகு, பழைய வீட்டை விற்காமல் பூட்டிவைத்துவிட்டு, மூன்று மாதச் சோதனைக்கு வாடகை வீட்டுக்கு வந்தோம். சோதனை என்றால் உண்மையாகவே சோதனை. வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் திரும்பப் போகலாம் என்று முதலிலேயே வாக்குக் கொடுத்தோம். அந்த மூன்று மாதங்களில் இரண்டு வீட்டுச் செலவும் சேர்ந்து வந்தது. அந்தப் பணம் வீண் என்று நான் நினைக்கவில்லை. அவசரத்தில் விற்றிருந்தால் இழந்திருக்கக்கூடியதோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை.

பகல் வெளிச்சத்தில் வந்து சேரும்படி பயணத்தை வைத்தோம். பழைய வீட்டில் அம்மாவின் கட்டிலுக்கு இடப்பக்கம் கழிப்பறைக் கதவு இருந்தது. புது வீட்டிலும் அப்படியே வரும்படி கட்டிலைத் திருப்பிப் போட்டோம். அரைத்தூக்கத்தில் எழுகிறவரின் கால் பழகிய பக்கம்தான் போகும். முதல் மாதம் அம்மா மூன்று முறை ‘வீட்டுக்குப் போகலாம்’ என்றார். இரண்டாம் மாதம் ஒரு முறை. மூன்றாம் மாதத்தில் அவர் கேட்கவில்லை, அப்பா கேட்டார். அவருக்குப் பேச ஆளில்லை. அதற்கு இன்னும் முழுத் தீர்வு கிடைக்கவில்லை. வாரம் இரண்டு நாள் அவரைப் படிப்பகத்துக்கு அழைத்துப் போகிறேன், பழைய நண்பர்களோடு காணொளியில் பேசுகிறார். என் தங்கையின் 7 மணி நேரத்தில் இரண்டை அவருக்கென்றே ஒதுக்கியிருக்கிறாள்.

பழைய வீட்டை இப்போது வாடகைக்கு விட்டிருக்கிறோம். மூன்றாவது கணக்கில் விழும் 11.5 துண்டுக்காக அண்ணன் தனிக் கணக்கொன்றில் மாதந்தோறும் பணம் போட்டுவருகிறார். இரவுத்துணை நிரந்தரமாகத் தேவைப்படும் நாளில் என்னால் அதை எத்தனை மாதம் தர முடியும் என்பதையும் எழுதியிருக்கிறேன்: ஆறு. அதற்குப் பிறகு, நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் இல்லம். அதை அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல்லியிருக்கிறோம். இருவரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அம்மாவுக்கு அங்கே முன்பக்கத்து அறை பிடித்திருக்கிறது, அப்பாவுக்கு அங்கே எதுவும் பிடிக்கவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே தாளை எடுத்து எண்களைத் திருத்துகிறோம். அடுத்த முறை எந்த ஞாயிற்றுக்கிழமை என்பதை அப்பாவே நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.